அர்த்தரதனும் எல்லை முனியும்: ஆற்றலைத் தரம் பிரித்த இரண்டு தமிழ் வரிசைகள்

மனித இயல்பைக் கடந்த ஆற்றல்களைப் பற்றிக் கதை சொல்லும் எந்தச் சமூகமும் அந்த ஆற்றல்களைத் தரம் பிரிக்கும் முறை ஒன்றையும் சேர்த்தே வளர்க்கிறது. ஒருவன் மலையைப் பெயர்ப்பான், இன்னொருவன் கடலைத் தாண்டுவான் என்று சொல்லி முடிப்பதற்குள், இவ்விருவரும் மோதிக்கொண்டால் வெல்பவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்கு விடை சொல்ல ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அந்த அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதைப் பார்த்தால், அச்சமூகம் வலிமையைப் பற்றி என்ன நினைத்தது என்பதும் தெரிந்துவிடும். வடசிலாங்கூரில், சுங்கை பெசார் தொடங்கித் தெற்கே செக்கிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வரையிலும், அங்கிருந்து உட்பகுதித் தோட்டங்கள் வரையிலும் வாழ்ந்த தமிழர்களிடம் இத்தகைய இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று பாரதக் கதை வழியாக வந்த வீரர் வரிசை. மற்றொன்று தோட்டத்து மண்ணில் நிலைகொண்ட காவல் தெய்வங்களின் வரிசை. இன்று இளையவர்கள் நன்கு அறிந்த எண் வரிசைகளைவிட இவ்விரண்டும் நுட்பமானவை என்பதும், இரண்டாவது வரிசை முறையாக எழுதப்படாமலேயே மறைந்துகொண்டிருக்கிறது என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்துகள்.

எண் வரிசைகள் என்று குறிப்பிடப்படுபவற்றில் புகழ்பெற்றவை 1980களில் உருவானவை. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1983இல் தன் கதைமாந்தர்களைப் பற்றிய கையேட்டை வெளியிடத் தொடங்கியபோது, ஒவ்வொருவரும் எத்தனை டன் எடையைத் தலைக்கு மேல் தூக்குவர் என்பதைக் கொண்டு அவர்களுடைய உடல்வலிமையைப் பிரித்தது. 100 டன் என்பது அதில் உயர்ந்த பிரிவு. 1986இல் அதே நிறுவனத்தின் எக்ஸ்-மென் வரிசையில் 'ஒமேகா' என்ற நிலை பேசப்பட்டது. ஜப்பானில் அகிரா தொரியாமா 1984இல் தொடங்கிய டிராகன் பால், மலேசியாவில் முத்தியாரா நாகா என்ற மலாய்ப் பெயரோடும் பரவிய படக்கதை, கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொண்டு எதிரியின் போர்த்திறனை நேரடியாக எண்ணாகவே காட்டியது. துப்பாக்கி ஏந்திய ஓர் உழவருக்கு அக்கருவி காட்டிய எண் 5; ஃப்ரீசா என்னும் கொடுங்கோலன் தன் முதல் உருவிலேயே தனக்கு 530,000 என்று அறிவிக்கிறான். இந்த எண்கள் வாசகர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன. ஆனால் கதையின் போக்கைக் கவனமாகப் படித்தால், வீரர்கள் தம் திறனை ஒடுக்கிக்கொள்ளக் கற்றதும் கருவி பிழையான எண்ணைக் காட்டுவதும், அளவு மீறிய திறனைச் சந்திக்கையில் வெடித்துச் சிதறுவதும், கருவியை நம்பி வந்தவர்களே ஏமாந்து தோற்பதும் திரும்பத் திரும்ப வருகின்றன. எண்ணைக் கதைக்குள் கொண்டுவந்தவரே அதன் போதாமையையும் எழுதிக் காட்டினார். வாசகர்களுள் பலர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இவ்வகையில் சற்று வேறுபட்டு நிற்பது வோர்ம் என்னும் ஆங்கில இணையத் தொடர்கதை. கனடிய எழுத்தாளர் ஒருவர் 2011 முதல் 2013 வரை எழுதிய அக்கதையில், மிகையாற்றல் உடையவர்கள் 12 வகைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படுகிறது. ஆனால் அந்த எண் ஆற்றலின் அளவைக் குறிப்பதன்று. அவரை எதிர்கொள்ளச் செல்லும் காவல் படையினர் எவ்வளவு எச்சரிக்கையோடு, எத்தகைய ஏற்பாட்டோடு செல்ல வேண்டும் என்பதைக் குறிப்பது. ஆற்றலை அதன் உடைமையாளர் பக்கமிருந்து அளக்காமல், அதன் முன் நிற்கும் மனிதர் பக்கமிருந்து அளக்கும் இந்த நோக்கு, தோட்டத்துத் தெய்வ வரிசைக்கு மிக அருகில் வருவது. அதற்கு முன் பாரதத்தைப் பார்க்க வேண்டும்.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், குருட்சேத்திரப் போர் தொடங்குவதற்குச் சற்று முன், துரியோதனன் தன் படைத்தலைவராகிய பீஷ்மரிடம் இரு தரப்புத் தேர்வீரர்களின் தரத்தையும் எடுத்துரைக்கும்படி கேட்கிறான். வடமொழி மூலத்தில் இதற்கென்றே ரதாதிரத சங்கியான பருவம் என்ற உட்பிரிவு உண்டு. ரதன் என்பவன் தேரில் நின்று பொருதும் தேர்ச்சி பெற்ற வீரன். அவனுக்கு மேற்பட்டோர் மகாரதர், அதிரதர் எனப்பட்டனர். அவனுக்குக் கீழ்ப்பட்டவன் அர்த்தரதன், அதாவது பாதித் தேர்வீரன். தமிழ் வழக்கில் இது அதிரதர், மகாரதர், சமரதர், அர்த்தரதர் என்று நான்காகச் சொல்லப்படுகிறது. வில்லிபுத்தூரார் இயற்றிய பாரதத்தையும், 18ஆம் நூற்றாண்டின் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் சார்ந்து கோயில் திடல்களில் நடந்த பாரதப் படிப்பும் தெருக்கூத்தும் இக்கதைமாந்தர்களை எழுத்தறியாதவர்களிடமும் கொண்டுசேர்த்தன. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர்கள் கர்ணனையும் அபிமன்யுவையும் தங்களோடு கொண்டுவந்தவர்கள்.

பீஷ்மர் தரும் வரிசையில் முதலில் கவனிக்க வேண்டியது, அது ஒரே அளவுகோலால் ஆனதன்று என்பது. கிருதவர்மனும் சல்லியனும் அதிரதர்கள். ஜயத்ரதன் இரண்டு ரதர்களுக்கு நிகரானவன். பீமன் எட்டு ரதர்களுக்கு நிகரானவன். தருமனும் நகுல சகாதேவர்களும் ரதர்கள். திரௌபதியின் ஐந்து மைந்தரும் மகாரதர்கள். அபிமன்யுவும் சாத்தியகியும் கடோற்கசனும் தேர்ப்படைத் தலைவர்களுக்கும் தலைவர்கள். இதுவரை ஒருவகையில் ஏணிப்படி போலவே தோன்றும். ஆனால் அசுவத்தாமனிடம் வரும்போது ஏணி நின்றுவிடுகிறது. வில்வித்தையில் அவன் எல்லாரையும் விஞ்சியவன், இரு படைகளிலும் அவனுக்கு ஒப்பானவர் இல்லை என்று சொல்லும் பீஷ்மர், அவனிடம் ஒரு பெருங்குறை உண்டு, அவனுக்குத் தன் உயிர் மிகவும் இனியது, ஆகவே அவனை ரதன் என்றோ அதிரதன் என்றோ எண்ணப்போவதில்லை என்கிறார். திறனில் முதலிடத்துக்கு உரியவனை, உயிராசை என்ற ஒரே காரணத்தால் வரிசைக்கு வெளியே நிறுத்துகிறார். அருச்சுனனுக்கோ எந்தப் பட்டமும் பொருந்துவதில்லை. அவனை எதிர்த்து நிற்கத் தம்மாலோ துரோணராலோ மட்டுமே முடியும், மூன்றாமவர் இல்லை என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

கர்ணனைப் பற்றிய தீர்ப்பு இதைவிடக் கடுமையானது, இதைவிட ஆழமானதும்கூட. அவனை அர்த்தரதன் என்று பீஷ்மர் குறிப்பிடுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்றுகூட அவனுடைய வில்லின் வன்மையைப் பற்றியதன்று: உடன்பிறந்த கவச குண்டலங்களைக் கொடையாகக் கொடுத்து இழந்தவன், பரசுராமரின் சாபத்தைச் சுமப்பவன், தன்னைப் புகழ்ந்து பிறரை இகழ்பவன். துரோணரும் அதை ஒப்புக்கொண்டு, செருக்குடையவன், இரக்க இயல்பால் கவனம் தவறுபவன் என்று சேர்க்கிறார். அவமதிக்கப்பட்ட கர்ணன், பீஷ்மர் உயிரோடு இருக்கும்வரை போரிடுவதில்லை என்று உறுதிகொள்கிறான். 18 நாள் போரின் முதல் 10 நாள்களும், பீஷ்மர் வீழும் வரை, கௌரவர் பக்கத்தின் மிகச் சிறந்த வில்லாளிகளுள் ஒருவன் களத்துக்கு வெளியே இருந்தான். தரவரிசை என்பது போரை வெளியே நின்று விளக்கும் குறிப்பாக இல்லாமல், போரின் போக்கையே மாற்றும் செயலாக அமைந்தது. இதை இவ்வளவு தெளிவாக எழுதிய கதை உலக இலக்கியத்தில் அரிது.

அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைக் காணக் கர்ணன் தனியே வருகிறான். அப்போது அவர், உன் ஊக்கத்தைத் தணிப்பதற்காகவே உன்னிடம் கடுஞ்சொல் பேசினேன், படைக்கலத் திறனில் நீ அருச்சுனனுக்கும் கண்ணனுக்கும் ஒப்பானவன் என்று தெரிவிக்கிறார். தரம் பிரித்தவரே தம் வரிசைக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருந்ததை ஒப்புக்கொள்ளும் இடம் இது. தமிழ்ப் பார்வையாளர்கள் தெருக்கூத்தின் கர்ணமோட்சத்திலும், பி. ஆர். பந்துலு இயக்கி 1964இல் வெளிவந்த கர்ணன் படத்திலும் அந்தப் 'பாதி' வீரனையே முழு வீரனாக நெஞ்சில் ஏற்றிக்கொண்டதற்கு இந்தக் காட்சியே மூலத்திலேயே கிடைக்கும் ஆதாரம்.

இப்போது இணையத்தில் வேறொரு பட்டியல் உலவுகிறது. ஒரு ரதி 5,000 வீரர்களோடு ஒரே நேரத்தில் பொருதுவான், 12 ரதிகளுக்குச் சமம் ஓர் அதிரதி, 12 அதிரதிகளுக்குச் சமம் ஒரு மகாரதி, அதற்கு மேல் அதிமகாரதி, மகாமகாரதி என்று அது அடுக்கிச் செல்லும். பீஷ்மரின் வரிசையில் இந்தப் பெருக்கல் எதுவும் இல்லை. உரை மரபில் வழங்கும் ஒரு பழைய விளக்கம், தனியொருவனாகப் பதினாயிரம் வில்லாளிகளை எதிர்ப்பவன் மகாரதன் என்றும், எண்ணற்றவர்களை எதிர்ப்பவன் அதிரதன் என்றும் சொல்கிறது. அதன்படி அதிரதனே உயர்ந்தவன், இணையப் பட்டியலிலோ மகாரதியே உயர்ந்தவன். இந்த முரண்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அசுவத்தாமனின் உயிராசையையும் கர்ணனின் சாபத்தையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு 12ஆல் பெருக்கும் கணக்கை மட்டும் நிறுத்துவது, பாரதத்தை டிராகன் பாலின் கண்கருவியாகச் சுருக்குவதாகும் என்பதே இதன்மீதான வலுவான மறுப்பு.

பாரதத்தின் படைக்கலங்களையும் இவ்வாறு ஏணியில் ஏற்ற முடியாது. இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி வேல் எவரையும் கொல்லும், ஆனால் ஒரே முறைதான். அருச்சுனனுக்காக வைத்திருந்த அதனைக் கடோற்கசன்மேல் எறியும்படி நேர்ந்தபோது கர்ணனின் முடிவு பாதி எழுதப்பட்டுவிட்டது. நாராயணாத்திரம் எதிர்ப்பவரிடம் மேலும் வலுக்கும், படைக்கலத்தைக் கீழே வைத்தவரைத் தீண்டாது. பிரமசிரத்தை அசுவத்தாமனால் ஏவ முடிந்தது, திரும்பப் பெற முடியவில்லை. அருச்சுனனால் இரண்டும் முடிந்தது. ஏவுவதைவிட மீட்பதே உயர்ந்த தகுதி என்பது இங்கே சொல்லாமல் சொல்லப்படுகிறது.

சித்தர் மரபின் எட்டு சித்திகளும் இதே திசையில் செல்பவை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பேசும் அணிமா, மகிமா, இலகிமா, கரிமா ஆகியவை உடலின் அளவையும் எடையையும் மாற்றுபவை; பிராத்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம் ஆகியவை விரும்பியதை எய்தல், நினைத்தபடி நிகழ்த்தல், ஆளுதல், வசப்படுத்தல் ஆகிய திறன்கள். பதஞ்சலியின் யோக சூத்திரம் இத்தகைய ஆற்றல்களைச் சமாதிக்குத் தடை என்றே குறிக்கிறது. தாயுமானவரும் அரிய வித்தைகள் பலவற்றை அடுக்கிவிட்டு, மனம் அடங்குவதை அவை எல்லாவற்றிலும் கடினமானதாக வைத்தார்.

இனித் தோட்டத்துக்கு வரலாம். சுங்கை பெசாரும் செக்கிஞ்சானும் இன்று நெல்வயல்களுக்குப் பெயர்பெற்றவை. 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் பெர்ணம் ஆற்று நீரை அங்கே கொண்டுவந்தது. தமிழர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்தது அந்த வயல்வெளிக்கு வெளியே, சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர் மாவட்டங்களின் ரப்பர், தென்னை, செம்பனைத் தோட்டங்களில். பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊருக்கு அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, பின்னர் இந்தத் தோட்ட வாழ்வைக் கொண்டு எழுதிய மலேசி என்ற நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டம் உலகப் பொருளாதாரத்திலும் உலக இலக்கியத்திலும் இடம்பெற்ற இந்த வரலாற்றைத் தமிழர்கள் போதிய அளவு பேசுவதில்லை.

1938இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை, தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்களுள் முதன்மையானவர்கள் கங்காணிகள். கங்காணி தன் ஊரையும் சுற்றுவட்டத்தையும் சேர்ந்தவர்களையே திரட்டி வந்ததால், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், குடியேறியவர்கள் ஒரே குலதெய்வத்தை வணங்கியவர்களாக இருப்பதும் இயல்பாயிற்று. தெய்வம் இடம்பெயர்வதற்குத் தமிழ் நாட்டார் மரபில் பிடிமண் என்ற முறை உண்டு: பழைய கோயிலின் மண்ணில் ஒரு பிடியை எடுத்துவந்து புதிய இடத்தில் இட்டு வழிபட்டால், அங்கும் அதே தெய்வம் அதே ஆற்றலோடு நிலைகொள்ளும். பகுத்துக் கொடுத்தாலும் குறையாத ஆற்றல் என்ற இந்தக் கருத்தை எந்த எண் வரிசையாலும் காட்ட இயலாது, ஏனெனில் எண்ணைப் பிரித்தால் குறையும்.

தோட்டத்துத் தெய்வ வரிசை பொதுவாக ஒரு நிலப்படமாக அமைந்தது. லயங்களுக்கு அருகே, குடியிருப்பின் நடுவில் மாரியம்மன். அவளைச் சூழ மதுரைவீரன், பேச்சியம்மன் முதலிய பரிவாரங்கள். சில இடங்களில் தனியே காளியம்மன். தோட்டத்து நுழைவாயில், பாலத்தடி, ஆற்றங்கரை, பெருமரத்தடி ஆகிய இடங்களில் முனியாண்டி அல்லது சங்கிலிக் கருப்பன். காவல் தெய்வங்கள் பெரும்பாலும் சிலையாக இல்லாமல் நட்ட கல்லாகவும் சூலமாகவும் அரிவாளாகவும் இருந்தன. முனிகளுக்குள்ளேயே வாழ்முனி, செம்முனி, சடாமுனி என்று பல பெயர்களும் குணங்களும் உண்டு. சைவப் படையல் மட்டும் ஏற்பவர், கோழியும் ஆடும் சுருட்டும் சாராயமும் ஏற்பவர் என்ற வேறுபாடும் உண்டு.

இவ்வரிசையின் முதல் விதி எல்லை. முனியாண்டியின் ஆற்றல் அவருடைய எல்லைக்குள் முழுமையானது. எல்லைக்கு வெளியே அது அடுத்த முனியின் பொறுப்பு. இருட்டு விலகாத விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, போய், அங்கிருந்து வெளிக்காட்டுக்குத் தனியே நடந்தவருக்குத் தேவைப்பட்டது, அண்டம் முழுவதையும் ஆளும் ஆற்றலைவிட, அந்தக் கான் (வடிகால்) முதல் இந்தப் பாலம் வரை தவறாமல் பார்த்துக்கொள்ளும் ஆற்றலே. மரம் வெட்டுபவரும் இரவில் லாரி ஓட்டுபவரும் எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்து நகர்ந்தது இந்த எல்லை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே. அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பசாமியும் இதே இலக்கணத்துக்கு உரியவர்: அழகரைவிடப் பெரியவர் என்று யாரும் அவரைச் சொல்வதில்லை, ஆனால் அந்த வாசலில் அவர் முன் பொய்ச்சத்தியம் செய்யத் துணிபவரும் இல்லை.

இரண்டாவது விதி உத்தரவு, அதாவது மேலான தெய்வத்தின் இசைவு. காவல் தெய்வம் தானாக எதையும் செய்வதில்லை. அம்மனின் ஆணையை நிறைவேற்றுகிறது. அதே வேளையில் அம்மனின் திருவிழாவும் காவல் தெய்வத்துக்கு உரியதைச் செய்யாமல் தொடங்குவதில்லை. பிள்ளையாருக்கு முதல் பூசை, எல்லைக் காவலுக்குப் படையல், எல்லைக் கட்டு, அதன் பிறகே கரகமும் தீமிதியும் என்னும் பூசை ஒழுங்கே இங்கே தரவரிசையை எழுதிவைத்த ஏடு. அதில் முதலில் வருவது உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது, கடைசியில் வருவது உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் மற்றொன்றின் தொடக்கத்துக்குத் தேவைப்படுகிறது.

மூன்றாவது, எதற்கு யாரிடம் செல்வது என்ற பகுப்பு. அம்மை கண்டால் மாரியம்மன். காத்துக்கருப்பு அண்டியது என்று அஞ்சினால் முனி. களவும் பொய்யும் நேர்ந்தால் கருப்பன். ஆகவே மாரியம்மனும் முனியாண்டியும் மோதினால் யார் வெல்வார் என்ற கேள்வி தோட்டத்தில் எழவே எழாது. ஒரு தெய்வத்தைத் துடியான சாமி என்று சொல்பவர், அதன் ஆற்றலை வேறொரு தெய்வத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதில்லை. வேண்டியவருக்கு விரைந்து இரங்கும், வாக்குத் தவறியவரை விரைந்து தண்டிக்கும் என்பதை, அதன் முன் நிற்கும் மனிதர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையாகச் சொல்கிறார். வோர்ம் கதையின் எண் செய்யும் வேலையை இச்சொல் பல தலைமுறைகளுக்கு முன்பே செய்துவந்திருக்கிறது.

அருள் வந்தவரைச் சோதிக்கும் முறைகளும் இவ்வொழுங்கின் பகுதிகள். எரியும் சூடத்தை நாவில் ஏற்பது, அரிவாளின் கூர்மேல் நிற்பது, சாட்டையடி வாங்குவது ஆகியவை வியப்புக் காட்சிகளாகவே வெளியாருக்குத் தெரியும். ஆனால் சுற்றி நிற்பவர்கள் அதோடு நிறைவடைவதில்லை. வந்திருப்பது யார், எந்த எல்லையிலிருந்து வந்தது, யார் உத்தரவில் வந்தது என்று கேட்கிறார்கள். பொருத்தமான விடை வராத ஆவேசம், எவ்வளவு உக்கிரமாக இருந்தாலும், மதிக்கப்படுவதில்லை. உடல் வலிமைக்கு மேலாக அடையாளத்தையும் பொறுப்பையும் வைக்கும் இந்த முறையை, அதிரதத் திறன் இருந்தும் அசுவத்தாமனை வெளியே நிறுத்திய பீஷ்மர் புரிந்துகொண்டிருப்பார்.

அண்டை சமூகங்களின் வரிசைகள் இதனோடு உறவாடின. சீனர்களின் தெய்வ ஒழுங்கு ஓர் அரசாங்கத்தின் வடிவம் கொண்டது: ஓர் இடத்தின் நிலத்தெய்வம், அதற்கு மேல் நகரத் தெய்வம், எல்லார்க்கும் மேல் ஜேட் பேரரசர். கடல் தெய்வமான மாஸு போன்றவர்களுக்குச் சீனப் பேரரசர்கள் பட்டங்களை உயர்த்திக்கொண்டே சென்றனர். மலாயாவுக்கு வந்த சீனர்கள் இவ்வூர் மண்ணுக்கு உரியவர் என்று கருதித் தாத்துக் கோங் என்னும் தெய்வத்துக்கும் சாலையோரச் சிற்றாலயம் எழுப்பி, அவர் மலாய் இயல்புடையவர் என்பதால் பன்றி இறைச்சியை விலக்கிப் படைக்கின்றனர். புதிய மண்ணில் எவ்வளவு பெரிய தெய்வத்தோடு வந்தாலும் அம்மண்ணின் காவலிடம் இசைவு பெற வேண்டும் என்பதில் தமிழரும் சீனரும் ஒன்றுபட்டனர்.

தோட்டத்து வரிசையைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்ற பகுப்பு மனிதரின் சாதிப் பகுப்போடு பிணைந்திருந்தது. எல்லையில் நின்ற தெய்வங்களுள் பலவற்றை வணங்கியவர்கள், ஊரின் எல்லையில் வாழ வைக்கப்பட்டவர்கள். ஆடு வெட்டும்போது நடுக்கோயில் தெய்வத்துக்குத் திரையிடும் வழக்கத்தில், அந்தப் படையலைத் தருபவர் கீழானவர் என்ற எண்ணமும் ஒளிந்திருந்தது. மதுரைவீரனைப் போலக் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளில், மேல்நிலையினர் இழைத்த அநீதியே அவர்களுடைய ஆற்றலின் ஊற்று. கொடுமையாக இறந்தவர் வலிமை மிக்க தெய்வமாவதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1985இல் எழுதிய ஆய்வொன்றில் விரிவாகக் காட்டினார்.

1965இல் தொடங்கப்பட்ட மலேசிய இந்து சங்கமும் பிற அமைப்புகளும் உயிர்ப்பலியைக் குறைத்து ஆகம வழிபாட்டை ஊக்குவித்தபோது, முனியாண்டி பல இடங்களில் முனீஸ்வரர் ஆனார். மரத்தடிக் கல் விமானம் கொண்ட கோயிலாயிற்று. சிவனின் வடிவம் என்ற விளக்கமும் வந்தது. சிங்கப்பூர் முனீஸ்வரர் வழிபாட்டைப் பற்றி வினீதா சின்ஹா 2005இல் வெளியிட்ட நூல் இம்மாற்றத்தின் பல முகங்களைப் பதிவு செய்கிறது. புறக்கணிக்கப்பட்ட மக்கள் தம் தெய்வத்துக்குக் கோபுரம் எழுப்பியதில் ஒரு விடுதலை இருக்கிறது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த உயர்வில் ஓர் இழப்பும் நேர்ந்தது. எல்லாத் தெய்வமும் எங்கும் நிறைந்த ஒரே பரம்பொருளின் வடிவம் என்றானபின், எந்தக் கான் முதல் எந்தப் பாலம் வரை என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. உயர்த்தப்பட்ட முனி காவல்காரர் என்னும் தம் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இதனோடு தோட்டங்களும் கலைந்தன. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் ஆயிற்று, லயங்கள் இடிந்தன, மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் ரவாங்குக்கும் நகர்ந்தனர். தனியார் நிலத்தில் பட்டா இல்லாமல் நின்ற கோயில்கள் அகற்றப்பட்டபோது எழுந்த துயரமும் சினமும், 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராப் நடத்திய பேரணிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயின. தோட்டக் கோயில்களின் இழப்பு தமிழர் மனத்தில் என்ன செய்தது என்பதை ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்துள்ளார். கோயில் வேறிடத்தில் கட்டித் தரப்படும் என்ற சமாதானம் மாரியம்மனுக்குப் பொருந்தலாம். தன் எல்லையையே ஆற்றலாகக் கொண்ட தெய்வத்துக்கு அது பொருந்துமா என்பதை அந்தப் பேச்சுவார்த்தைகளில் அமர்ந்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

வடசிலாங்கூரின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுள் இந்த ஒழுங்கை நேரில் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஃப்ரீசாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்; தம் பாட்டனாரின் தோட்டத்தில் எந்த முனி எந்த இடத்தில் நின்றார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் அது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஆகவே இதைப் படிக்கும் ஒவ்வொருவரும், வீட்டில் தோட்டத்து மூத்தவர் ஒருவர் இருந்தால், இந்த மாதத்திலேயே அவரிடம் அமர்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும்: தோட்டத்தின் பெயர், தெய்வத்தின் பெயர், கல்லா சூலமா அரிவாளா என்ற உருவம், எந்த ஊரின் பிடிமண், எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, பூசையில் யாருக்குப் பின் யார், எதைப் படைத்தார்கள், எதை விலக்கினார்கள், தோட்டம் மூடியபின் அந்தக் கல் எங்கே போயிற்று. ஒரு பள்ளிக் கணக்கேட்டின் நான்கு பக்கங்கள் இதற்குப் போதும்.